சிவப்பு வரியில் எட்டு மாடு

சினை மாட்டைச் சினை என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் மாட்டுத் தொழு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இதுதான் நடப்பு. எத்தனை சினை என்று எவராவது கேட்டால், ‘ஒண்ணுமில்லப்பா, எல்லாம் வெறும் மாடு’ என்று சொல்ல வேண்டும். கேட்டவரும் சிரித்துக்கொண்டு, ‘சரி, வெறும் மாடாவே நல்லா இருக்கட்டும்’ என்று போய்விடுவார். வயிற்றில் இருப்பதன் மேல் கண் விழக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லால் நான் ஆடி மாதத்து மழையில் மலையாளத்துக்கு ஓட வேண்டி வந்தது.

கடமலைக்குண்டுக்கு மேற்கே மலையடியில் எங்கள் தொழு. அறுபது உருப்படி மலைமாடு. வீட்டுக்காரர் போன பிறகு நானேதான் நடத்துகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனால் எந்த மாடு எப்போது காளை சேர்ந்தது, எப்போது ஈன்றது, அதன் தாய் எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

இரண்டு வருடம் மழை பொய்த்தது. மலையில் புல் இல்லை. கம்பம் மெட்டுக்கு அந்தப் பக்கம் கறிக்கு மாடு வளர்க்கிற ஒரு பண்ணையில் எங்கள் மாட்டைக் கேட்டார்கள். கறிக்குத்தான் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் ஒரு பேச்சு இருந்தது. ஈனுகிற மாட்டை வைத்துக்கொள்வார்கள், கன்று எடுப்பார்கள். வெறும் மாடுதான் லாரி ஏறும். அதை நம்பி எட்டு மாடு கொடுத்தேன். ஐந்து சினை. மூன்று வெறுமை. அந்த மூன்றில் ஒன்று மொட்டக்கொம்பி. அவள் எங்கள் முன்மாடு. அவள் நடந்தால்தான் மற்றது நடக்கும், அவள் மேய்ந்தால்தான் மற்றது மேயும். புது இடத்தில் மற்ற ஏழும் நிலைக்க வேண்டுமே என்றுதான் அவளையும் சேர்த்து அனுப்பினேன். முன்மாட்டை எவராவது வெட்டுவார்களா என்று இருந்துவிட்டேன்.

மாடு ஏற்றுகிற அன்றைக்கு ஊரே கூடி நின்றது. பண்ணை மேனேஜர் குரியன், நோட்டும் பேனாவுமாக என்னிடம் வந்து கேட்டார், இதில் சினை எத்தனை என்று. நான் வழக்கப்படி சொன்னேன், ஒன்றுமில்லை என்று. அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மாட்டோடு கூடப் போன எங்கள் மாடு மேய்க்கிற ஆள் மொக்கச்சாமி பத்து நாள் அங்கே இருந்து பழக்கிவிட்டு, புதன்கிழமை திரும்பி வந்தான். கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னான்.

“அங்கன எல்லாமே கம்ப்யூட்டருதான் ஆத்தா. மாட்டுக்குக் காதுல மஞ்சத் தோடு, அதுல நம்பரு. நம்ம எட்டும் செவப்பு வரியில நிக்கிது. சனிக்கிழமை லாரிக்காம்.”

“எட்டுமா? சினைன்னு நீ சொல்லலையாடா?”

“சொன்னேன். மொதலாளியம்மா இல்லைன்னு சொல்லிட்டாக, கூலிக்காரன் பேச்ச எழுத முடியாதுன்டாக.”

 சினை மாட்டைக் கத்திக்கு அனுப்பிய குடும்பம் என்று எங்கள் வகையறாவில் இதுவரை ஒருவரும் பேர் வாங்கவில்லை. உடனே டெலிபோன் பூத்துக்குப் போய் அந்த நம்பரைப் போடச் சொன்னேன். குரியன் எடுத்தார். பூத்துக்குள் ஏழெட்டுப் பேர். சந்தைநாள் வேறு. அத்தனை பேர் நடுவில் ஐந்து சினை என்று என் வாயில் வரவில்லை. லாரியை நிறுத்துங்கள், நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, வருவதானால் அதற்குள் வாருங்கள் என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை விடியக் கிளம்பினேன். தேனியில் மாறி ஏறிய பஸ், சின்னமனூர் தாண்டி டயர் போய் நின்றது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. கண்டக்டர் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு ஆள் கூப்பிடப் போனார். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் கொள்ளுப் பயிர்கூடக் கருகிக் கிடக்கிறது, இங்கே வாய்க்காலில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. ஒரே ஜில்லாதான். பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. பக்கத்தில் திராட்சைப் பந்தல். அங்கே கொடி கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு கொத்து கொடுத்தாள். புளிப்பு. மடியில் இருந்த உப்பைத் தொட்டுத் தின்றேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், மாடு வியாபாரி போல, பேச்சுக் கொடுத்தார். தொழுவில் எத்தனை, சினை எத்தனை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் வாயை நானே கிள்ள வேண்டும்போல் இருந்தது.

கம்பத்தில் என் நாத்தனார் மகள் செல்வி வீடு. போகும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பரோட்டா வாங்கி வந்து பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினாள். நான் இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவள் சொன்ன செய்தியில் அதுவும் நின்றுவிட்டது.

“நாளைக்கு மலையாளத்துல பந்த்தாம் அத்தை. காலையில ஆறுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஒரு வண்டி ஓடாது. ஏலத்தோட்டத்துப் பொம்பளைகளே நாளைக்கு வேலைக்குப் போகலைன்டாக.”

அப்படியானால் லாரியும் ஓடாதே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் அதைக் கெடுத்தார். பந்த் முடிந்ததும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே லாரிகள் கிளம்பிவிடும், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க மாட்டார்கள், மழை வேறு என்றார். அவர் ஜீப் ஓட்டுகிறவர், அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே செக்போஸ்ட் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். அதற்கு மேல் போனால் கண்ணாடி மிஞ்சாது என்றார். கீழே வெயில், வளைவு ஏற ஏறக் குளிர், மேலே மழை. எல்லைக் கோட்டைத் தாண்டினால் கடையெல்லாம் அடைப்பு. ரோட்டில் நாயும் நானும்தான். குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். புல்லில் இறங்கினால் அட்டை. காலை உதறி உதறி நடந்தேன். எவ்வளவு தூரம் என்று கேட்க ஆளில்லை.

ஒரு பால் வண்டி வந்தது. பாலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பந்த் இல்லையாம். டிரைவர் நல்ல மனிதர், பால் கேனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பண்ணைப் பேரைச் சொன்னதும், அந்த வழியாகத்தான் போகிறேன் என்றார். அரை மணி நேரம் நிம்மதி. அப்புறம் ஒரு வளைவில் ஆறு பேர் கொடியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார்கள்.

பால் போகலாம், ஆள் போகக் கூடாது என்றார்கள். டிரைவர் மலையாளத்தில் மளமளவென்று என்னவோ சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது. மகளுக்குப் பிரசவம், இந்தக் கிழவி தமிழ்நாட்டிலிருந்து நனைந்துகொண்டு வருகிறாள், உங்களுக்கு அம்மா இல்லையா என்கிறார். அந்த ஆறு பேரும் இளகிவிட்டார்கள். அதில் தமிழ் தெரிந்த ஒருவர் குனிந்து என்னிடம் அன்பாகக் கேட்டார்.

“யாருக்கும்மா பிரசவம்? மகளுக்கா?”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். நடுரோட்டில் ஆறு ஆண்கள் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

“ஒருத்தருக்கும் இல்லப்பா” என்றது.

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கொடிக்காரர்கள் சிரித்தார்கள். என்னை இறக்கிவிட்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளும் கொடுத்து அனுப்பினார்கள். மிச்ச தூரம் நடைதான். அந்த நடையில்தான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் ஒரு பாவமும் செய்யவில்லை, சொன்னதைத்தான் எழுதியிருக்கிறது.

பண்ணைக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு ஆகிவிட்டது என்றார் வாட்ச்மேன்.  பண்ணைச் சமையலறையில் கப்பைக்கிழங்கும் மாட்டுக்கறியும் வெந்துகொண்டிருந்தது. கறி வேண்டாம் என்றேன். சமையல்காரி ஒன்றும் கேட்காமல் கப்பையும் உள்ளி மிளகாய்த் துவையலும் வைத்து, பாலில்லாத டீ ஒன்று தந்தாள். எங்கள் ஊரில் மரவள்ளியைச் சுட்டுத் தின்போம். இங்கே வேகவைத்து மசித்திருந்தார்கள். ருசி தெரியவில்லை. நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது ஷீபா என்ற பெண். கம்பம் மெட்டில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் சுத்தமாகப் பேசினாள். என் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்துவிட்டுப் பெட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாக வரி. ஒவ்வொரு வரியிலும் நம்பர், வயது, தாய், ஈன்ற தேதி, சினையா இல்லையா. பச்சை வரி ஈனப் போகிறது. மஞ்சள் வரி பால் கொடுக்கிறது. கீழே எட்டு வரி சிவப்பு.

“இல்லைன்னு போட்டா அதுவே சிவப்பாயிரும் அம்மச்சி. சிவப்பானா அதுவே லாரி லிஸ்ட்டுல ஏறிடும். யாரும் தனியா முடிவு பண்றதில்ல.”

“டாக்டர் பாக்க மாட்டாகளா?”

“பார்ப்பாங்க. லீவுல இருக்காரு. அடுத்த மாசம்தான் வருவாரு.”

குரியன் உள்ளே வந்தார். முரட்டு ஆள் இல்லை, அவசரத்தில் இருந்தார். ஆறேகாலுக்கு லாரி வருகிறது, என்ன விஷயம் என்றார். வாட்ச்மேன் வாசலில் நின்றார். சமையல்காரி எட்டிப் பார்த்தாள். மாடு ஏற்றுகிற ஆட்கள் நாலு பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். நான் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“அதுல அஞ்சு சினை” என்றேன்.

இத்தனை பேர் நடுவில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது என் வாழ்நாளில் முதல் தடவை.

குரியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அன்னைக்கு உங்க ஊரே நிக்கும்போது கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க. இப்ப அஞ்சுங்கிறீங்க. நான் எதை நம்பணும்?”

நான் வழக்கத்தைச் சொன்னேன். கண்படுவது, கரு கலைவது எல்லாம். ஷீபா மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள். அவர் நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் வீட்டில் அவருடைய அம்மாவும் அடைக்கோழிக்கு வைத்த முட்டையை எண்ணிச் சொல்ல மாட்டாள் என்று முனகினார். அதற்காக லாரியைத் திருப்பி அனுப்ப முடியுமா, காட்டுங்கள் பார்ப்போம் என்றார்.

கொட்டகைக்குப் போனோம். ஷீபா நோட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். மொட்டக்கொம்பி என்னைக் கண்டதும் தலையைத் தூக்கினாள். காதில் மஞ்சள் தோடு. ஒடிந்த கொம்பை என் தோளில் வந்து தேய்த்தாள். அவளைத் தள்ளிவிட்டு மற்றதுகளிடம் போனேன்.

செவலையும் கரும்போரும் தைப்பொங்கல் கழிந்து காளை சேர்ந்தவை. மலைமாட்டுக்கு ஏழு மாதம் வரை வயிறு தெரியாது. பச்சைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இரண்டுக்கும் காட்டினேன். குடித்து முடித்த பிறகு வலது விலாவில் குரியன் கையைப் பிடித்து வைத்து அமுக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவர் கையை எடுக்கப் போனார். இருங்க என்றேன். உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. மனிதர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கரும்போரிலும் அப்படியே.

மற்ற மூன்றும், புள்ளியும் சேர்த்து, சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவை ஒட்டிச் சேர்ந்தவை. மூன்று மாதத்தில் வெளியில் காட்ட ஒன்றுமில்லை. ஆபீஸுக்குத் திரும்பி வந்தோம். நான் திருவிழாவைச் சொல்லச் சொல்ல, ஷீபா சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டாள். தேதி போட்டதும் பெட்டியே ஈனுகிற நாளைக் கணக்குப் பார்த்துக் காட்டியது. செவலைக்கு ஐப்பசி என்று நான் சொன்னேன். அதுவும் அதையே காட்டியது. ஷீபா சிரித்தாள். குரியன் சிரிக்கவில்லை. மணி ஐந்தே முக்கால்.

“ரெண்டு என் கையில தெரிஞ்சது. மத்ததுக்கு உங்க வாக்குதான். சரி, டாக்டர் வர்ற வரைக்கும் உங்க வாக்கை எழுதுறேன். சொல்லுங்க, எது எது” என்றார். சொல்லிவிட்டுப் போன் அடிக்க வெளியே போனார்.

ஷீபா ஐந்தையும் மாற்றினாள். சிவப்பு பச்சையானது. கீழே மூன்று வரி மட்டும் சிவப்பாக நின்றது. அவள் விரல் அங்கேயே நின்றது. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“எட்டும் போட்டுறட்டுமா அம்மச்சி?”

சன்னலுக்கு வெளியே மொட்டக்கொம்பி மழையில் நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்த்தாள். ஒரு வார்த்தைதான். பெட்டி நம்பும். ஒரு மாதம் கிடைக்கும், அதற்குள் எதையாவது விற்று அவளை மீட்டுக்கொண்டு போய்விடலாம். மேனேஜரும் என் வாக்கை எழுதுகிறேன் என்று சொல்லியாகிவிட்டது.

“முன்மாடுன்னு எழுத இதுல எடமிருக்கா ஆத்தா?” என்று கேட்டேன்.

அவள் மேலே கீழே தேடிப் பார்த்தாள். “அப்படி ஒரு கட்டம் இல்லையே அம்மச்சி.”

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்றார் வாட்ச்மேன். டாக்டர் வந்து இந்த மூன்றும் பொய் என்றால், அந்த மூன்று மாதச் சினைக்கு என் வாக்கு என்ன பெறும்? இரண்டு நாளாக நான் ஓடி வந்ததே ஒரு பொய்யைத் திரும்ப எடுக்கத்தான்.

“வேண்டாம். அவ வெறுமைதான். ரெண்டு வருசமாச்சு.”

 அவள் எத்தனை ஈற்று என்று ஷீபா கேட்டாள். பதினொன்று என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முதல் கன்று காளை, ஆண்டிபட்டிப் பக்கம் வண்டிக்குப் போனது. இரண்டாவது கிடேரி, செத்தது. இப்படியே. போன் பேசிவிட்டு வந்த குரியன், போகிற மாட்டுக்கு எதற்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று சத்தம் போட்டார். ஷீபா திரும்பாமலே பதில் சொன்னாள். செவலையும் புள்ளியும் இதன் பிள்ளைகளாம் சார், இதை எழுதாவிட்டால் அதுகளுக்குத் தாய் கட்டம் காலியாக நிற்கும். அவர் நின்று பார்த்தார். பதினொன்றும் ஏறியது.

லாரி வந்தது. பலகை போட்டார்கள். மழையில் பலகை வழுக்கியது, மூன்றும் ஏற மறுத்தன. ஒருத்தன் வாலை முறுக்கினான், இன்னொருத்தன் கம்பை ஓங்கினான். அடிக்காதே என்றேன். முறைத்தான். நான் லாரிக்குப் பக்கவாட்டில் போய் நின்று, மலையிலிருந்து தொழுவுக்கு மாட்டைக் கூப்பிடுகிற குரலைக் கொடுத்தேன். மொட்டக்கொம்பி காதைத் தூக்கினாள். பலகையில் காலை வைத்துப் பார்த்தாள். பிறகு எப்போதும்போல முதல் ஆளாக ஏறிப்போனாள். பின்னால் இரண்டும் போயின. கொட்டகைக்குள் இருந்த ஐந்தும் கம்பித் தடுப்பை முட்டிக்கொண்டு அவள் பின்னால் போகக் கத்தின. லாரி போன பிறகும் கத்தின.

சனிக்கிழமை காலை ஷீபா அந்த ஐந்து வரியையும் தாளில் எடுத்துக் கொடுத்தாள். ஈன்றதும் போன் போடுகிறேன், நம்பர் கொடுங்கள் என்றாள். பூத் நம்பரைக் கொடுத்தேன். தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு ஜீப் ஏறினேன். ஜீப் நிறைய ஏலக்காய்ப் பொம்பளைகள், நேற்றுப் போன கூலியைப் பேசிக்கொண்டு வந்தார்கள். 

கம்பத்தில் செல்வி தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் இருபது குடம், இருபது பெண்கள். என்னைத் தூரத்தில் கண்டதும், போன காரியம் என்னாச்சு அத்தை என்று அங்கிருந்தே கத்தினாள்.

“மூணு போயிருச்சு. அஞ்சு நிக்கிது” என்றேன். “அஞ்சும் சினை.”

செல்வி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயடியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.